திரையிற் கற்கும் தியானம்

பௌத்தர் பயிலும் தியான முறைகளை வீட்டிலிருந்தவாறே, காசொன்றும் கொடாமல், இணையவழி வகுப்புகளிற் கற்கும் வாய்ப்பு இக்காலத்தார்க்கு வாய்த்துள்ளது. 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்று மக்களை வீட்டினுள் அடைத்தபோது இவ்வகுப்புகள் பெருகின. எம் பழைய மாணவருட் சிலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு இவற்றிற் சேர்ந்துள்ளனர். இன்றைய மாணவரும் கைத்தொலைபேசியிற் கேட்கின்றனர். இதுபற்றி எம்மிடையே இருவகைப் பேச்சு உலாவுகின்றது. இலவசமாகக் கிடைப்பதிற் சாரம் இராது என்பர் ஒருசாரார். குருவில்லா வித்தை பாழ் என்பர் மற்றொருசாரார். முன்னையது சிறிதும் பொருந்தாது. பின்னையதிற் பெரும்பகுதி உண்மை, ஆயினும் அவர் நினைக்கும் வகையில் அன்று என்பது எம் கருத்து.

காசு பெறாது கற்பித்தல் இணையம் கண்டுபிடித்த புதுமையன்று. ஆசிரியன் தன் கையை மூடிவைத்துக் கொள்வதுபோலத் தாம் எதனையும் மறைத்து வைக்கவில்லை எனப் புத்தர் தம் இறுதி நாள்களில் ஆனந்தருக்குக் கூறியதாக மகாபரிநிப்பான சூத்திரம் உரைக்கின்றது. துறவி கற்பித்தற்குக் கூலி கேளார். இல்லறத்தார் அவருக்கு உணவும் சீவரமும் அளிப்பர். கலிபோர்ணியாவில் ரெட்வுட் சிற்றி என்னும் நகரிற் கில் பிரொன்ஸ்டல் என்பார் நடத்தும் தியான நிலையம் இத்தான முறையையே தழுவியது. 2020இற் காலைத் தியானத்தை யூரியூப் வழியாக நடத்தத் தொடங்கியபோதும் அங்கு கட்டணம் விதிக்கப்படவில்லை. பிடியரிசி சேர்த்துச் சைவப் பாடசாலை நடத்திய முன்னோரின் வழிவந்த நாம், இலவசம் என்ற சொல்லைக் கேட்டு முகஞ்சுளித்தல் அழகன்று.

இனிக் குருவின் விடயம். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோஷர் எழுதிய விசுத்திமார்க்கம் தியானத்துக்குரிய பொருள்கள் நாற்பதை வகுத்துக் கூறுகின்றது. நாற்பதும் எல்லார்க்கும் உரியனவல்ல. கற்க விரும்புவோன் கலியாணமித்தர் எனப்படும் நல்ல நண்பரை அடைதல் வேண்டும். அவர் இவனது இயல்பை ஆராய்ந்து, ஏற்ற பொருளைக் கொடுப்பர். சினம் மிக்கவனுக்கு மைத்திரி முதலியன. ஓயாது எண்ணமிடுவோனுக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. ஆசை மிக்கவனுக்கு உடம்பின் அசுத்தம். உறைவிடத்தையுங்கூட அந்நூல் விட்டுவைக்கவில்லை. ஆசை மிக்கவனுக்கு அழுக்கடைந்த குடிசையும், சினம் மிக்கவனுக்கு மனதுக்கினிய இருக்கையும் தகும் என்கின்றது. (எம் விடுதிச்சாலையில் இருந்தோர் தாம் எவ்வகையினராகக் கருதப்பட்டனர் என இப்போது ஊகித்துக்கொள்ளலாம்.) ஆசிரியர் என்பவர் விரிவுரையாளர் மட்டுமல்லர், மாணவனைக் கேட்டறிபவர் என்பதே இதனாற் பெறப்படுவது.

இதற்கு இக்காலத்துச் சான்று ஒன்றுண்டு. பர்மாவில் மாண்டலே நகரில் 1924இல் இந்துக் குடும்பத்திற் பிறந்த வணிகர் எஸ். என். கோயங்கா. கொடிய தலைவலியால் வருந்திய அவர், பர்மாவின் கணக்காளர் நாயகமாக விளங்கிய ஊ பா கின் என்பாரிடம் தியானம் கற்கச் சென்றார். தலைவலி தீர்வதற்கென்றே வந்தவர் என அறிந்ததும் ஊ பா கின் முதலில் அவரை ஏற்க மறுத்தார். நோக்கம் திருந்திய பின்னரே, 1955இல், கற்பித்தார். 1969இல் இந்தியாவுக்கு வந்த கோயங்கா, பத்து நாள் விபசனா வகுப்புகளை உலகெங்கும் பரப்பினார். இவற்றுக்குக் கட்டணமில்லை, ஒரு வகுப்பையேனும் முடித்தவரிடமிருந்தே நன்கொடை பெறப்படும்.

அவ்வகுப்புகளிற் போதிப்பது பெரும்பாலும் ஒலிப்பதிவே. 2013இற் காலமான கோயங்காவின் குரலே இன்றும் பாடம் சொல்கின்றது. ஆயினும் ஒவ்வொரு வகுப்பிலும் உயிருள்ள துணையாசிரியர் ஒருவர் அமர்ந்திருப்பார்; மாணவர் தத்தம் ஐயங்களை அவரிடம் தனித்துக் கேட்கலாம். மூச்சைக் கவனிக்கும் சிறு பயிற்சியை இவ்வமைப்பு இணையத்தில் எவர்க்கும் இலவசமாக வழங்குகின்றது. விபசனாவைப் புதிதாகக் கற்க விரும்புவோர் மட்டும் பத்து நாள் தங்கியே கற்றல் வேண்டும் என்கின்றது. ஆகவே குரல் எந்திரத்தினின்று வருவது குறையன்று. மறுமொழி கேட்பார் இல்லாமையே குறை.

இக்குறை அற்பமன்று. தியானத்தால் அமைதியே விளையும் என்று நம்புவோர் பலர். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்து வில்லபி பிரிட்டன் முதலானோர் தியானிகள் பலரை விசாரித்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, அச்சமும் உறக்கமின்மையும் உணர்ச்சி மரத்தலும் போன்ற துன்பங்களையும் சிலர் அடைந்தனர் எனக் காட்டியது. போரையும் இடப்பெயர்வையும் கண்ட எம் சமுதாயத்தில், கண்ணை மூடியதும் முன்னே வந்து நிற்பவை எவை என்பது சொல்லாமலே விளங்கும். பதினாறு வயது மாணவன் ஒருவன் நள்ளிரவிற் காணொளியைப் பார்த்துத் தனியே இருந்து, நெஞ்சு படபடத்து எழுந்தால், அக்காணொளி அவனை என்னவென்று கேட்குமா? வாரந்தோறும் ஆசிரியர் திரையிற் தோன்றி ஒவ்வொருவரையும் தனித்தனி விசாரிக்கும் வகுப்பாயின், அது பர்மாவிலிருந்து நடந்தாலென்ன, கனடாவிலிருந்து நடந்தாலென்ன, குருவுள்ள வகுப்பே. ஆயிரம்பேர் பார்க்கும் பதிவு, எத்துணைச் சிறந்ததாயினும், நூல்நிலையத்துப் புத்தகத்தோடு ஒக்கும். புத்தகம் நல்லதே, ஆனால் அதனைக் குரு என்று மயங்குதல் தகாது.

எமக்கு வேறொரு தடையும் உண்டு. மகாசி சயாதோவின் முறையைக் கற்பிக்கும் கந்துபொட நிலையம் 1956இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டு எம்மவர்க்கு வேறொரு காரணத்தால் மறவாத ஆண்டு. மொழியும் மதமும் அரசியலிற் பிணைந்த இந்நாட்டிற் பௌத்தம் என்னும் பெயரே எம்மவர் பலர்க்கு மனக்கசப்போடு வருகின்றது. அதனைப் பொய்யென மறைப்பதிற் பயனில்லை. ஆனால் மணிமேகலை தமிழ்க் காப்பியமே. கந்தரோடையின் பௌத்த எச்சங்கள் எம் வயல்களுக்கு நடுவே கிடப்பனவே. இணைய வகுப்பு இக்கசப்பை வளர்க்காது ஒதுக்கிவைக்கின்றது. எவருடைய கொடியும் அங்கு பறப்பதில்லை, மூச்சுக்கு மொழியுமில்லை. சைவப் பிள்ளை மூச்சைக் கவனித்தலாற் சைவம் கெடும் என அஞ்சுவார்க்கு, திருமூலர் பிராணாயாமத்துக்கு அளித்த இடத்தை நினைவூட்டுதல் போதும்.

ஆதலின் இந்த விழாவாண்டிற் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலைகளிற் கல்லூரியின் கணினி அறையை ஒரு மணிநேரம் திறந்து வைத்தல் வேண்டும். தக்க ஆசிரியர் ஒருவரை இணையவழி அழைத்தல் வேண்டும். அவர்க்குத் தமிழ் வராதாயின், பழைய மாணவர் ஒருவர் மொழிபெயர்த்து உதவலாம். பெற்றோரின் இசைவு பெற்ற மேல்வகுப்பு மாணவர் பதின்மருக்கு மேற் சேர்த்தல் கூடாது. முதற் பத்து நிமிடத்திற் போதனை. எஞ்சிய நேரத்தில் ஒவ்வொருவரும் ஆசிரியரோடு தனித்துப் பேச ஐந்து நிமிடம். பதின்மருக்கு ஐம்பது நிமிடம் போதும்.