பண்ணைக்கேற்ற பார வண்டி

பண்ணை வேலைக்கும் குடும்பப் பிரயாணத்திற்கும் ஒரே மோட்டார் வண்டி வாங்கக் கருதும் மிராசுதாரர், முதலில் விலையையும் தோற்றத்தையும் பார்ப்பது வழக்கம். பார்க்க வேண்டியவையோ வேறு இரண்டு: அன்றாடம் ஏற்றும் பாரம் எவ்வளவு, உடன் செல்லும் ஆட்கள் எத்தனை பேர் என்பவையே அவை.

2005-ல் வந்த டாடா ஏஸ், ஜனங்கள் ‘குட்டி யானை’ என்றழைப்பது, சுமார் முக்கால் டன் ஏற்றும். குறுகிய தெருவிலும் திரும்பும். காய்கறி, பால் கொண்டு செல்வோர்க்கு அது போதும். நெல், உர மூட்டைகளுக்கு 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஏற்றது. ஒன்றேகால் டன் தாங்கும். இவ்விரண்டிலும் ஓட்டுபவருடன் ஓரிருவரே அமரலாம். மஹிந்திரா பொலேரோ கேம்பரில் ஐவர் அமரலாம். ஆயின் சரக்குத் தட்டு குறுகும்.

செலவைக் கருதிச் சரக்கு வண்டி வாங்கி, பின்தட்டில் உறவினரையும் நடவாட்களையும் ஏற்றுவது பெருந்தீங்கு, சட்டப்படி குற்றமுமாகும். சரக்குக்கு உரியவரல்லாத பயணிகள் அவ்வாறு சென்று விபத்தில் மாண்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று என உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு வண்டிக்காரரின் நிலத்தையே விழுங்கும்.

ஆகவே, தினமும் நான்கைந்து பேரை அழைத்துச் செல்வோர் கேம்பர் போன்ற வண்டியை வாங்குக. எப்போதேனும் பிரயாணம் செய்வோர் சரக்கு வண்டி வாங்கி, பிரயாணத்திற்குப் பஸ் ஏறுவதே சிக்கனம். நடவாட்கள் பலராயின் வாடகை வேன் அமர்த்துக. கிராம அதிகாரிகளும் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.