நாலாவது பிளாக்கும் நட்சத்திர இம்போர்ட்டும்

மக்களே, பி.காம் படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டறவனுக்கு ஜாங்கோ எதுக்குன்னு கேக்காதீங்க. பெங்களூர்ல அப்பார்ட்மென்ட்ல குடியிருந்தா, சங்கத்தோட வலைத்தளம் என்னைக்காவது ஒருநாள் நம்ம தலையில விழும். எனக்கும் விழுந்தது. எழுதின புண்ணியவான் வேலை மாறிப் போயாச்சு. திறந்து பார்த்தா பத்திக்கிட்டு வருது.

அஞ்சு ஆப், ஒரே ஒரு யூஆர்எல் கோப்பு. அதோட தலைமாட்டில, ஒவ்வொரு ஆப்பின் வியூஸிலிருந்தும் நட்சத்திரக் குறி போட்டு, இருக்கற எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வர்ற இம்போர்ட். உறுப்பினர் ஆப்பிலும் 'டீட்டெயில்'னு ஒரு ஃபங்ஷன், பாக்கி ஆப்பிலும் 'டீட்டெயில்'. பைத்தான் முணுமுணுக்கக்கூட செய்யாது. பின்னாடி இம்போர்ட் ஆனது முன்னாடி வந்ததை எழுப்பிவிட்டுட்டு அந்த நாற்காலியில உக்காந்துக்கும். ரெண்டும் ஒரு எண்ணைத்தான் வாங்குது, அதனால பிழைச் செய்தியும் வராது. பக்கத்து வீட்டுக்காரர் போன் நம்பர் பார்க்கப் போனா, வேற யாரோ ஒரு குடும்பத்தோட ஏழு மாச மெயின்டெனன்ஸ் பாக்கி பல்லிளிக்குது. (அனுமதிச் சோதனை போடாதது தனிக் குற்றம். அதுக்குத் தனி மண்டகப்படி உண்டு.) ஊரு விட்டு ஊரு வந்து மானத்தோட இருக்கற மனுசன், லிஃப்ட்ல யார் முகத்தைப் பார்ப்பார்?

"சின்ன சைட்தானே சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு?" இதான் நம்ம பசங்க சொல்ற ஒரே சாக்கு. ஆட்டோக்காரர்கிட்ட வெறுமனே "நாலாவது பிளாக்"னு சொல்லிப் பாருங்க. ஜெயநகர்லயும் இருக்கு, கோரமங்களாவிலயும் இருக்கு, ராஜாஜிநகர்லயும் இருக்கு. ஏரியா பேரையும் சேர்த்து சொன்னாத்தானே வீடு போய்ச் சேருவோம்? அதைத்தான் ஜாங்கோவும் கேக்குது. வியூஸ் மாட்யூலை இம்போர்ட் பண்ணி, 'வியூஸ் புள்ளி டீட்டெயில்'னு முழுசா எழுது. டெம்ப்ளேட்ல லிங்க் கொடுக்கறப்ப 'மெம்பர்ஸ்' முக்காற்புள்ளி 'டீட்டெயில்'னு எழுது. அதுக்குத்தான் ஆப்நேம்னு ஒரு வரி.

இன்க்ளூட் சமாச்சாரமும் எங்க பேங்க்காரங்களுக்குப் புதுசில்ல. ஐஎஃப்எஸ்சி கோடு 11 இடம்: முதல் 4 எழுத்து வங்கி, அடுத்தது ஒரு பூஜ்யம், கடைசி 6 கிளை. வங்கி எதுன்னு தெரிஞ்சாச்சுன்னா கிளை எதுங்கறது அந்த வங்கியோட பாடு. அதேபோல முதன்மைக் கோப்பு 'மெம்பர்ஸ்'ங்கற முன்பகுதியை வெட்டிட்டு, மீதியை அந்த ஆப்போட சொந்த யூஆர்எல் கோப்புகிட்ட தள்ளிவிடும்.

இதுல இன்னொரு கூத்து. யூஆர்எல் பட்டியலை ஜாங்கோ மேலேருந்து கீழே பார்க்கும், முதல்ல பொருந்தினதுதான் ஜெயிக்கும். இம்போர்ட்ல கடைசியா வந்தது ஜெயிக்கும். ரெண்டையும் ஒரே கோப்புல கலந்தா, பேரைப் பார்த்து எந்த வியூ ஓடும்னு எழுதினவனாலயே சொல்ல முடியாது.

ஜாங்கோகாரங்களே திருந்தினவங்கதான். வியூ பேரை வெறும் சரமா எழுதற பழைய வழியை 2015ல் 1.8ல எச்சரிச்சு, 2016ல் 1.10ல தூக்கியே எறிஞ்சாங்க. அவங்களோட அதிகாரபூர்வ பாடம் முதல் பகுதியிலேயே ஆப்புக்குத் தனி யூஆர்எல் கோப்பு போட வைக்குது. அதைப் படிக்காம வீடியோ பார்த்துக் காப்பியடிச்சா இப்படித்தான்.

ரெண்டு ராத்திரி உக்காந்து பிரிச்சேன். முதன்மைக் கோப்பு இப்ப அஞ்சு இன்க்ளூட், ஒரு அட்மின், அவ்வளவுதான். உங்க வீட்டுல காலேஜ் புராஜெக்ட் எழுதற பிள்ளை இருந்தா அந்தக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்க. மேலே நட்சத்திரம் தெரிஞ்சா அன்னைக்கு டிபன் கட்.