காவல் நாயும் கைக்கெட்டாத மருந்தும்

நாய்க்கு வைத்தியம் என்றதும் நகைப்பவர் நம்மில் பலர் உளர். அது தனவந்தர்களின் பொழுதுபோக்கு, பட்டணத்துப் பங்களாக்களைச் சேர்ந்த விவகாரம் என்பது அவர்கள் எண்ணம். பொன்னமராவதியைச் சுற்றியுள்ள கிராமங்களை ஒருமுறை சென்று பார்த்தால் இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். ஆட்டுக் கிடைக்குக் காவல் யார்? களத்தில் குவித்த நெல்லுக்கு இராக்காவல் யார்? மக்களெல்லாம் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றபின் தனித்திருக்கும் கிழவிக்குத் துணை யார்? கூலி கேளாத அந்த ஊழியன் நாயே. அவன் இளைத்து, இருமி, நாலடி ஓடுவதற்குள் மூச்சிரைத்து, வயிறு வீங்கி வீழ்ந்தால், "வயதாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இருதயப் புழு என்னும் கொடிய நோய் இதே அடையாளங்களோடுதான் வருகிறது என்பதை நம்மவர் அறிய வேண்டும்.

இந்நோயைப் பரப்புவது கொசு. நோயுற்ற நாயின் இரத்தத்தைக் குடிக்கும் கொசுவின் உடலில் புழுவின் குஞ்சுகள் புகுந்து, சுமார் இரண்டு வாரங்களில் வளர்ச்சி பெறுகின்றன. பிறகு அக்கொசு வேறொரு நாயைக் கடிக்கும்போது அதன் தோல் வழியே உட்செல்லுகின்றன. ஆறேழு மாதங்களில் நுரையீரலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாயிலும் இருதயத்தின் வலது பாகத்திலும் குடியேறி, ஏறக்குறைய ஓரடி நீளம் வரையில் வளர்ந்து, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உயிர் வாழ்கின்றன. மனிதரின் யானைக்கால் நோய்க்கும் இதற்கும் உறவு உண்டு. யானைக்கால் புழு கொசுவின் உடலில் வளருகிறது என்பதை 1877-ஆம் ஆண்டில் சீன தேசத்தில் பாட்ரிக் மான்சன் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். இருதயப் புழுவும் அதே இனத்தைச் சேர்ந்ததே.

இந்தியாவில் இந்நோய் அஸ்ஸாம், மிஜோரம் முதலிய வடகிழக்குப் பிரதேசங்களின் நாய்களிடத்தே முக்கியமாகக் காணப்பட்டுள்ளது. அதன் பங்காளியான மற்றொரு புழு, நாயின் தோலுக்கடியில் வாழ்வது, நம் அண்டை மாநிலமான கேரளத்தில் உண்டு. அங்கே மனிதர் கண்களிலிருந்தே அப்புழுவை வைத்தியர்கள் எடுத்திருக்கிறார்கள். "அப்படியானால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். கொசுவுக்கு ஜில்லா எல்லை தெரியாது. இந்நாளில் நாய்களும் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விலைக்குச் செல்லுகின்றன. நமது ஊருணிக் கரையிலும் சாக்கடை ஓரத்திலும் கொசுவுக்குப் பஞ்சமில்லை. சோதனை செய்யாத ஊரில் நோயில்லை என்று சொல்லுவது, விளக்கேற்றாத அறையில் பாம்பில்லை என்று சொல்லுவதை ஒக்கும்.

சோதனை பெரிய காரியமன்று. ஒரு துளி இரத்தம், ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு பூதக்கண்ணாடிக் கருவி ஆகியவை இருந்தால், இரத்தத்தில் நெளியும் குஞ்சுகளைத் தேர்ந்தவர் கண்டுகொள்ளலாம். அவை எவ்வகைப் புழுவின் குஞ்சுகள் என்பதை அளந்தறியவும் முறை உண்டு. குஞ்சுகள் இன்றி முதிர்ந்த புழு மட்டும் இருக்கும் நாய்களுக்கு, பெண் புழு வெளியிடும் பொருளை இரத்தத்தில் காட்டும் தனிச் சோதனை இருக்கிறது. முதிர்ந்த புழுவைக் கொல்லும் சிகிச்சையோ ஆர்ஸனிக் சேர்ந்த ஊசிகளால் ஆவது. செலவும் மிகுதி, அபாயமும் மிகுதி. ஆதலின் வருமுன் காப்பதே விவேகம்.

காக்கும் மருந்தின் சரித்திரத்தில் நம்மவர் ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் அறியார். 1895-ஆம் ஆண்டில் பீமவரத்தில் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அணிந்தமையால் ஆசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். பட்டமே பெற்ற அவர், பின்னர் அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லே ஆராய்ச்சிச் சாலையில் அவரது தலைமையின் கீழ் உழைத்தவர்கள் 1947-இல் வெளியிட்டதே டை எத்தில் கார்பமஸீன் என்னும் யானைக்கால் மருந்து. 2004 முதல் இத்தேசத்தின் யானைக்கால் ஜில்லாக்களில் சர்க்கார் வீடு வீடாக வழங்கிவந்தது அம்மருந்தே. நாய்களின் இருதயப் புழுவைத் தடுக்க முதலில் நாள்தோறும் கொடுக்கப்பட்டதும் அதுவேயாகும். ஆனால் இரத்தத்தில் முன்னமே குஞ்சுகள் உள்ள நாய்க்கு அதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். முதலில் சோதனை, பிறகே மருந்து என்ற விதியின் காரணம் இது.

பின்னர் ஜப்பானில் ஓமுரா என்னும் அறிஞர் எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்து ஐவர்மெக்டின் பிறந்தது. அவருக்கும் காம்ப்பெல் என்பாருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. இம்மருந்து மாதம் ஒருமுறை போதும். அளவோ, நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். நேயர்கள் கணக்குப் பார்க்கட்டும்: 20 கிலோ எடையுள்ள நாய்க்கு 120 மைக்ரோகிராம். மனிதருக்கென விற்கும் 12 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அடங்கிய மருந்து, அத்தகைய நூறு நாய்களுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானது! அப்படியிருக்க, நாய்க்கென்று அழகிய பெட்டியில் வரும் சுவையூட்டிய மாத்திரைக்கு ஏழை கொடுக்கும் விலையில் மருந்தின் விலை எவ்வளவு, பெட்டியின் விலை எவ்வளவு என்று கேட்கிறோம். இதைப் படித்து எவரும் வீட்டில் மாத்திரையை உடைத்து நாய்க்குக் கொடுக்கத் துணியலாகாது. அளவு மிகுந்தால் இம்மருந்தே விஷமாகும்; சில ஜாதி நாய்களுக்கு அது அதிகமாக ஒவ்வாது. சிறு அளவில் தயாரித்துச் சிறு விலைக்கு விற்பது உற்பத்தியாளரின் கடமை. அவ்வாறு செய்விப்பது சர்க்காரின் கடமை. உலகுக்கெல்லாம் மலிவான மருந்து செய்து அனுப்பும் தேசத்துக்கு இது ஆகாத காரியமா?

வழியும் திறந்தேயிருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அவ்வாண்டு மார்ச்சில் மத்திய மந்திரிசபை, கால்நடைகளுக்கு மலிவு மருந்து வழங்கும் பசு ஔஷதித் திட்டத்துக்கு 75 கோடி ரூபாய் ஒதுக்க இசைந்தது. அம்மருந்துப் பட்டியலில் காவல் நாயின் மாத மருந்துக்கும் இடம் வேண்டும். இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்த தேசம், அதன் உயிரைக் காக்கவும் சிறிது செலவிடலாம்.

வெறிநாய்க்கடியால் மனிதர் மடியும்போது நாயின் இருதயத்தைப் பற்றிப் பேசுவதா என்பது ஓர் ஆட்சேபம். வெறிநோய்த் தடுப்பூசியே முதலாவது என்பதில் நமக்கு ஐயமில்லை. 1907-ஆம் ஆண்டு முதல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் இருந்தும், அம்மரணங்கள் இன்னும் ஒழியாதது நமக்கெல்லாம் தலைகுனிவே. ஆயினும் ஊசி போட நாயைக் கொண்டுவரும் அதே நாளில், அதே கையால், ஒரு துளி இரத்தம் எடுப்பதற்கு என்ன தடை? இரு காரியங்களும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்று மற்றொன்றுக்குத் துணையே. சோதனை உண்டென்றால், ஊசிக்கு வாராத நாயும் வரும்.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பிராணியை வைத்திருப்போர் அதன் நலனைப் பேணவும் அநாவசியமான துன்பத்தைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு, உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதைப் பிரஜைகளின் கடமையாக வைத்திருக்கிறது. ஏழையின்மேல் கடமையைச் சுமத்திவிட்டு, அதை நிறைவேற்றும் சாதனத்தை அவனுக்கு எட்டாத விலையில் வைப்பது நீதியன்று.

ஆகவே நாம் கோருவன மூன்று. பொன்னமராவதித் தாலூகாவில் வெறிநோய் ஊசி முகாம் நடக்கும்போதெல்லாம் நாய்களின் இரத்தமும் சோதிக்கப்பட வேண்டும். அதன் முடிவுகள் ஜனங்கள் அறியப் பிரசுரிக்கப்பட வேண்டும். நோய் இருப்பது தெரிந்தால், தடுப்பு மருந்து ஏழையின் கைக்கெட்டும் விலையில் கிடைக்க வேண்டும். இதற்குச் சர்க்காரை மட்டும் எதிர்பார்த்திருத்தல் தகாது. பஞ்சாயத்தார் சாக்கடைகளைச் சீர்செய்யட்டும்; வாலிபர் சங்கத்தார் நாய்களை முகாமுக்குக் கொண்டுவரட்டும்; விவசாய சங்கத்தார் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கலெக்டருக்கு அனுப்பட்டும். நம் வாசலில் விழித்திருந்து நம்மைத் தூங்கவிட்ட பிராணிக்கு நாம் பட்ட கடன் பெரிது. அதில் ஒரு பங்கையேனும் தீர்க்க ஒரு துளி இரத்தச் சோதனையிலிருந்து தொடங்குவோமாக.