கடைசியில் வந்தவர் முதலில் வெளியே: யாருக்கான கணக்கு இது?



ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விமானக் கேபின் பணிக்கும் விமான நிலைய வேலைகளுக்கும் தாட்கோ பயிற்சி தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம், கட்டணத்தைத் தாட்கோவே ஏற்கிறது. மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் தறிக்கும் ரிக் வண்டிக்கும் போவதை விட்டால் வேறென்ன என்று நிற்கும் நம் பிள்ளைகள் இதற்குப் போக வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் போன இடத்தில் ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியேறுவார் என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும்.

இது கற்பனை பயம் அல்ல. 2008 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்தது. முதலில் சிக்கியவர்கள் பெரும்பாலும் கேபின் பணிக்குப் புதிதாக வந்த, பணி நிரந்தரம் ஆகாத இளைஞர்கள். சீருடையோடு தெருவில் இறங்கிப் போராடினார்கள், நாடே பார்த்தது. ஓரிரு நாளில் நரேஷ் கோயல் முடிவைத் திரும்பப் பெற்றார். கண்ணீரைப் பார்க்க முடியவில்லை என்றார். (கேமரா இல்லாத கண்ணீர் எத்தனையோ!) 2020 ஜூலையில் இண்டிகோ தன் ஊழியர்களில் பத்து சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அப்போது தெருவில் இறங்கவும் வழியில்லை, கொரோனா காலம்.

இங்கேதான் சீனியாரிட்டி வருகிறது. 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 25ஜி பிரிவு, ஆட்குறைப்பு செய்தால் சாதாரணமாக அந்தப் பிரிவில் கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது.

இந்த விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை நாம். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வந்து உட்காருவது 'பர்ஃபார்மன்ஸ்'. மதிப்பெண் போடுவது மேலதிகாரி. தோற்றமும் ஆங்கில உச்சரிப்பும் பார்க்கிற துறையில் அந்த மதிப்பெண் யாருக்கு விழும், யாருக்கு விழாது என்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. முதலாளியின் விருப்பு வெறுப்புக்கு எதிராகத் தொழிலாளிக்குக் கிடைத்த கேடயம் சீனியாரிட்டி.

ஆனால் அந்தக் கேடயம் எல்லோரையும் ஒரே அளவில் மறைப்பதில்லை. வரிசையில் நிற்கவே விடாமல் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வந்த மறுநாள் "நீ கடைசியில்தானே வந்தாய்?" என்று கேட்பது என்ன நியாயம்? தாமதமாக வந்தது அவள் குற்றமா?

ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை அங்கே இடஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரி 27 அன்று அது டாடா கைக்குப் போனது. அரசு நிறுவனம் என்ற நிலை போனது, இடஒதுக்கீட்டுக் கடமையும் கூடவே போனது. பதவி உயர்வு, ஊதியம் தொடர்பாக முன்னாள் ஊழியர்கள் நடத்திய வழக்கில், ஏர் இந்தியா இப்போது தனியார் நிறுவனம், அதற்கு எதிராக ரிட் மனு செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற தனியார் விமான நிறுவனங்களிலோ நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும் கட்டாயம்கூட இல்லை. எண்ணாத இடத்தில் எத்தனை பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்று எப்படிக் கேட்பது?

அமெரிக்காவில் மெம்பிஸ் தீயணைப்புத் துறையில் இதே சிக்கல் எழுந்தது. நீதிமன்ற ஒப்பந்தத்தால் வேலைக்குள் வந்த கறுப்பினத்தவர், 1981 ஆட்குறைப்பில் 'கடைசியில் வந்தவர்கள்' ஆனார்கள். கீழ் நீதிமன்றம் தடுத்தது. 1984இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சீனியாரிட்டி பக்கம் நின்றது.

சீனியாரிட்டி இயற்கை விதியல்ல. இடஒதுக்கீட்டில் பதவி உயர்வு பெற்றவரின் பணிமூப்பை 1995இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பறித்தது, 2001இல் 85ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதைத் திருப்பித் தந்தது. போராடினால் மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

கடைசியில் வந்தவர் முதலில் வெளியே என்ற விதியிலேயே ஒரு கதவு உண்டு. தொழிலாளியோடு வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி செய்யலாம், காரணத்தைப் பதிவுசெய்து வரிசையை மாற்றலாம். இதுவரை அந்தக் கதவு முதலாளிக்கு வேண்டியவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. ஆட்குறைப்புக்குப் பின் தலித், பழங்குடி ஊழியர்களின் விகிதம் குறையக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் ஏன் ஒப்பந்தத்தில் எழுத வைக்கக் கூடாது? செங்கொடி பிடித்தாலும் சாதி பற்றிப் பேசத் தயங்கும் தலைமைகளிடம் இதை நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிறுவனம் மீண்டும் ஆள் எடுத்தால் வெளியேற்றப்பட்டவருக்கு முன்னுரிமை என்ற உரிமைக்குப் பழைய சட்டத்தில் கால வரம்பு இல்லை. புதிய தொகுப்பு அதை ஓராண்டாகச் சுருக்கிவிட்டது. 2020இல் நொடிந்த விமானத் துறை ஓராண்டிலா எழுந்தது?

ஆட்குறைப்புக்கு ஏழு நாள் முன்பு சீனியாரிட்டி பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று 1957 மத்திய விதிகள் சொல்லின. அந்தப் பட்டியலில் இன்னொரு பத்தி வேண்டும்: எஸ்சி, எஸ்டி எத்தனை பேர், போன பிறகு எத்தனை பேர். அரசுப் பணத்தில் பயிற்சி பெற்றவர்களை எடுக்கும் நிறுவனங்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கு என்று தாட்கோவுக்கு மனு எழுதுவோம். நாமக்கல், சேலம் மாணவத் தோழர்கள் முதல் கையெழுத்தைப் போடுங்கள்.