மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம்: பொருத்திய பிறகும் உடல் அதை எதிர்ப்பது ஏன்?

புனே அருகே ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை யாருக்குத் தருவது என்று காத்திருப்போர் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வது புனே மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையம். ஆனால் அது எத்தனை வருஷம் உழைக்கும்? பெரும்பாலும் அது மாத்திரையின் கையில்தான் இருக்கு.

ஆரம்பத்தில் என்ன நடந்தது?

1933-ல் சோவியத் உக்ரைனில் யூரி வொரோனோய், இறந்து 6 மணி நேரமான ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினார். ரத்தப் பிரிவே பொருந்தவில்லை. நோயாளி 2 நாளில் இறந்தார். 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே ஜெயித்ததற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மாதிரி இரட்டையர்கள். அந்நியம் என்று உடல் நினைக்க அங்கே எதுவும் இல்லை. அசதியோபிரின் மருந்து வந்த பிறகே, 1962-ல், இறந்தவரின் சிறுநீரகம் ஒன்று ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தது.

இந்தியாவில்?

1965 மே மாதம் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இறந்தவரின் சிறுநீரகம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஆனால் முதல் வெற்றி என்று பதிவானது, 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் உயிருள்ளவர் கொடுத்த சிறுநீரகம். இதயம் நின்றால் சிறுநீரகம் சீக்கிரமே கெட ஆரம்பிக்கும். மூளைச்சாவில் வென்டிலேட்டர் உதவியோடு இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அதை மரணம் என்று ஏற்கும் சட்டம் 1994-ல்தான் வந்தது. 4 மருத்துவர்கள் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் 2 முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

நிராகரிப்பைத் தடுப்பது எப்படி?

ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்தால் சில நிமிடங்களிலேயே சிறுநீரகம் கறுத்துவிடும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் கிராஸ்மேட்ச் சோதனை. டி செல்கள் நடத்தும் தாக்குதல் நாள், வாரக் கணக்கில் வரும். 1978-ல் ராய் கால்ன் சைக்ளோஸ்போரினை நோயாளிகளுக்குக் கொடுத்த பிறகு அது பெருமளவு கட்டுப்பட்டது. இப்போது அதிகம் தரப்படுவது டாக்ரோலிமஸ். பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒன்று, ஆயுள் முழுக்க.

நைட் ஷிஃப்டில் ஒரு வேளை தள்ளிப்போனால் வலி எதுவும் தெரியாது. இப்படி அடிக்கடி நடந்தால் கிரியேட்டினின் மட்டும் சத்தமில்லாமல் ஏறக்கூடும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இன்னொரு சிக்கல்: வேலை போனால் இ.எஸ்.ஐ. சந்தாவும் நிற்கும், பாதுகாப்பும் நிலைக்காது. மாத்திரையை நிறுத்த முடியாது. உறுப்பு தானப் பிரசாரங்களில் இந்தச் செலவைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.