போன் கேமரா திணறும் சிவப்பு!

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உத்தராகண்ட் போய் வந்தவர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு சிவப்புப் பூ கட்டாயம் இருக்கும். முக்தேஷ்வர், பின்சர், சோப்தா மலைப்பாதைகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் புரான்ஷ் அது. ரோடோடென்ட்ரான் என்றால் சிலருக்குச் சட்டெனப் புரியும். உத்தராகண்டின் மாநில மரம் இது. பக்கத்து நேபாளத்துக்குத் தேசிய மலர். நேரில் பார்த்தவர்கள் அசந்து நிற்பார்கள். ஸ்டேட்டஸில் பார்ப்பவர்களுக்கோ, இலைகளுக்கு நடுவே யாரோ தக்காளிச் சட்னியைக் கொட்டியதுபோல இருக்கும்!

தப்பு படம் எடுத்தவர் மீது இல்லை. இந்த மரத்தின் இலை கரும்பச்சை. அதைப் பார்த்ததும் போன் 'இடம் இருட்டாக இருக்கிறது' என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகப் பதிவாகின்றன. அதில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்தால், இதழின் மடிப்பும் நிழலும் காணாமல் போய்விடும். அப்படிப் போனதை எந்த எடிட்டிங் ஆப்பும் திருப்பித் தராது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். திரையில் பூவின் மீது விரலை வைத்தால் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கீழே இழுத்து, படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும்போது எடுக்க வேண்டும். மங்கலைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். 'விவிட்', ஏ.ஐ. வகையறாக்களை அணைத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே சிவந்திருக்கும் பூவுக்கு அவை இன்னும் சாயம் பூசும். உச்சி வெயிலைவிட மேகமூட்டம் நல்லது. கிட்டே போனால், ஒவ்வொரு பூவும் மணி வடிவில் இருப்பதும், உள்ளே கரும்புள்ளிகள் இருப்பதும் தெரியும். அதுதான் படம்.

இந்தப் படத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அது எடுக்கப்பட்ட தேதி. மத்திய இமயமலைப் பகுதியின் புரான்ஷ் பற்றி 2014-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தாவரக் காப்பகங்களில் தேதியோடு ஒட்டிவைத்திருந்த பழைய பூங்கிளைகளையும் வெப்பநிலைப் பதிவுகளையும் வைத்து, நூறு ஆண்டுகளில் பூக்கும் காலம் 88 முதல் 97 நாள் வரை முன்னே வந்திருப்பதாக அதில் கணித்தார்கள். கிட்டத்தட்ட மூன்று மாதம்! மார்ச் நடுவில் வரும் 'பூல் தேயி' திருநாளில், அங்கே குழந்தைகள் வீடு வீடாகப் போய் வாசற்படியில் பூ வைப்பார்கள். கூடையில் புரான்ஷும் இருக்கும். அது ஜனவரியிலேயே பூத்து உதிர்ந்துவிட்டால், குழந்தைகள் எதை எடுத்துப் போவார்கள்?

அந்தக் காலத்தில் யாரோ கிளையை ஒட்டி, தேதி எழுதி வைத்ததால்தான் இன்று இது தெரிகிறது. இன்று அந்த வேலையை போனே செய்துவிடும். கேமரா செட்டிங்கில் 'லொகேஷன்' மட்டும் ஆன் செய்திருந்தால் தேதி, நேரம், இடம் எல்லாம் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

இதற்காக இமயமலை வரை போக வேண்டும் என்பதில்லை. 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நம் நீலகிரி உச்சியின் சோலை ஓரங்களிலும் புல்வெளிகளிலும் இதன் உள்ளூர் வகை நிற்கிறது. பெயர், காட்டுப் பூவரசு. ஊட்டிக்குப் போகிறவர்கள் பைன் மரத்தோடு செல்ஃபி எடுத்துவிட்டு, இதைக் கவனிக்காமலேயே இறங்கிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். கொத்து எட்டவில்லை என்றால் கிளையை வளைக்காதீர்கள். கீழே உதிர்ந்து கிடப்பதை எடுங்கள். பாசி மேல் விழுந்த சிவப்பு, மரத்தில் இருப்பதைவிட அழகாகப் பதிவாகும்.

ஒரு விஷயம்... படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால், உள்ளே பதிந்த தேதியும் இடமும் அழிந்துபோகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.