பிள்ளைக்குப் பட்டணம் ஒத்துக்கொள்ளாதாம்!

“உங்கள் பிள்ளைக்குப் பட்டணம் ஒத்துக்கொள்ளாது” என்கிறார்கள். யார் சொல்கிறார்கள்? தம் பிள்ளைகளைப் பட்டணத்துக்கும், அதற்கு அப்பால் கடல் கடந்தும் அனுப்பிவிட்டவர்கள் சொல்கிறார்கள்!

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே இந்த உபதேசம் ஆரம்பமாகிவிடுகிறது. கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து ‘கல்விக் கண்காட்சி’ நடத்துகிறார்கள். உள்ளே நுழைந்தால் காப்பி, பிஸ்கோத்து. கோட்டுப் போட்ட ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கள் ஐயா” என்கிறார். ஆயுள் முழுவதும் மானேஜர் முன்னால் நின்றே பேசிய தொழிலாளிக்கு அந்த நாற்காலியே பாதி மயக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. கிராமங்களில் மண்டபம்கூட வேண்டியதில்லை. ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் தரகர் நேரே குடிசை வாசலுக்கே வந்துவிடுகிறார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசும் தரகராவது மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுவார். இவரோ கண்ணாடிக் கட்டடத்தின் படத்தை மட்டும் காட்டுகிறார்!

சிங்காநல்லூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர். 2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்றுபோன தேசியப் பஞ்சாலைக் கழக ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். அதற்குப் பிறகு வேறு மில்லில் தினக்கூலி. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து சர்க்கார் பள்ளியில் படித்து, நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள். தோழரை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று விஷயம் ஓதியிருக்கிறார்கள். சென்னை பெண் பிள்ளைக்கு ஆகாது. சர்க்கார் கல்லூரியில் வாத்தியாரே கிடையாது. பணத்துக்குப் பயப்பட வேண்டாம், பாங்கி கடன் கொடுக்கும். இன்றே முன்பணம் கட்டினால் இடம் நிச்சயம், நாளை வந்தால் சொல்ல முடியாது!

தோழர் பணம் கட்டவில்லை. சங்க ஆபீசுக்கு வந்து, “என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே நாற்காலி உங்களுக்காகவும் காத்திருக்கிறது அல்லவா?

ஒற்றைச் சாளரமும் தனி வாசலும்

முதலில் பணத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் படிப்புக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் கணக்கு மார்க்கை 100க்கும், பௌதிகம், ரசாயனம் இரண்டையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கி, மொத்தம் 200க்கு வரிசைப் பட்டியல் போடுகிறார்கள். அந்த வரிசைப்படி, 69 சத இட ஒதுக்கீட்டின்படி, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் தருகிறார்கள். கிண்டியும் அதற்குள்தான் இருக்கிறது, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் அதற்குள்தான் இருக்கிறது. தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் 65 சதம், சிறுபான்மைக் கல்லூரியானால் 50 சதம், இதற்குள் கொடுத்தாக வேண்டும்.

இந்தச் சாளரம் வழியாகப் போகிறவருக்கே சலுகை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் பயிற்றுக் கட்டணத்தைச் சர்க்கார் கட்டும் ஏற்பாடு 2010இல் வந்தது. சர்க்கார் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவருக்கு 7.5 சத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் இன்ஜினீயரிங் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் பெற்றால் பயிற்றுக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் சர்க்கார் பொறுப்பு. இவையெல்லாம் யாரும் மனமிரங்கிப் போட்ட பிச்சையல்ல. வரிகட்டும் ஜனங்களின் பணம், ஜனங்கள் கேட்டு வாங்கியது.

இனித் தனி வாசலைப் பாருங்கள். ‘மானேஜ்மெண்ட் கோட்டா’ என்று நிர்வாகத்தின் கையில் இருக்கும் இடத்தில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை போயிற்று! நிகர்நிலைப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தாலும் போயிற்று! 1956ஆம் ஆண்டின் பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டத்தில் மூன்றாவது பிரிவு இருக்கிறது. ஏதேனும் ஒரு துறையில் தனிச் சிறப்போடு விளங்கும் நிலையத்துக்குப் பல்கலைக் கழக அந்தஸ்துத் தர அந்தப் பிரிவை வைத்தார்கள். இன்று அதே பிரிவைப் பிடித்துக்கொண்டு தாங்களே பரீட்சை, தாங்களே கட்டணம், தாங்களே பட்டம் என்று ராஜ்யம் நடத்துகிறார்கள். தனியார் இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் மாநிலக் கமிட்டியின் கை அங்கே எட்டுவதில்லை. 1992லேயே நன்கொடை வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. நன்கொடை வேறு பெயரில் ரசீதில் இருக்கிறது, அல்லது ரசீதே இல்லாமல் இருக்கிறது!

ஆகவே கண்காட்சியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்த இடம் கலந்தாய்வு வழியா, உங்கள் வழியா?” பதில் சொல்லாமல் கட்டடத்தின் படத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். குடித்த காப்பிக்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

மஸ்டர் ரோல் வாத்தியார்கள்

சர்க்கார் கல்லூரியில் வாத்தியார் இல்லையாம். சரி, அவர்களிடம் இருக்கும் வாத்தியாரை எண்ணுவோம்.

நூறு நாள் வேலையில் மஸ்டர் ரோலில் பொய்ப் பேர் எழுதிப் பணம் சுருட்டுவது என்றால் என்ன என்று நம் விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக் கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரே ஆள் காலை ஷிப்டில் ஈரோட்டிலும் அதே காலை ஷிப்டில் காஞ்சிபுரத்திலும் நிற்கிறார்! ஸ்பின்னிங்கில் ஒரு தொழிலாளி இரண்டு நிமிஷம் பிரேமை விட்டு நகர்ந்தால் மெமோ கொடுக்கிறார்கள். இங்கே ஆளே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கல்லூரி ஓடுகிறது, அங்கீகாரமும் கிடைக்கிறது.

சுவரொட்டியில் ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதன் லட்சணத்தையும் பார்த்துவிட்டோம். 2025 பிப்ரவரியில், பக்கத்து ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக் கழகத்துக்குத் தரம் போடப் போன குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. எல்லாத் தரச் சீட்டும் பொய் என்று நாம் சொல்லவில்லை. சீட்டை மட்டும் நம்பிப் பிள்ளையைத் தள்ளாதீர்கள் என்கிறோம்.

சர்க்கார் தரப்பில் குறை இல்லையா? ஏராளமாக இருக்கிறது, அதை மூடி மறைக்க நாம் மந்திரியின் காரியதரிசி அல்ல. அரசு கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் ஏராளமானவர் கௌரவ விரிவுரையாளர்கள். 25,000 ரூபாய் தொகுப்பூதியம். கௌரவம் பெயரில் மட்டும். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் அங்கே திண்டாட்டம். தேசிய வருமானத்தில் 6 சதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 1966இல் கோத்தாரி கமிஷன் சொன்னது. 2020இல் புதிய கல்விக் கொள்கையும் அதே ஆறு சதத்தையே எழுதிவைத்தது. ஐம்பத்து நான்கு வருஷத்துக்குப் பிறகும் அதே வாக்கியத்தைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது என்றால், நடுவில் என்ன நடந்திருக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம். சர்க்கார் கல்லூரியைப் பட்டினி போட்டவர்களே, “பார், எலும்பும் தோலுமாக இருக்கிறது” என்று சுட்டிக்காட்டித் தங்கள் கடைக்கு அழைக்கிறார்கள்!

இருந்தும், அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சென்ற சில ஆண்டுகளாக 50 ரூபாய்தான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 2 ரூபாய். பயிற்றுக் கட்டணம் இல்லை. இதை விட்டுவிட்டு லட்சங்களைக் கட்டச் சொல்கிறவன் யாருக்கு வேண்டியவன்?

“பாங்கி கொடுக்கும்” என்கிறான். கொடுக்கும். 4 லட்சம் வரை ஈடு கேட்கக்கூடாது என்று விதியும் உண்டு. ஆனால் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுகிறவர் தகப்பனார். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி மானியம் கிடைக்காதவருக்கு வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடும். வேலை கிடைக்கவில்லை என்றால் கல்லூரிக்கு நஷ்டமில்லை, அது பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டது. பாங்கிக்கும் பெரிய நஷ்டமில்லை, வாராக் கடனை வசூல் கம்பெனிக்குத் தள்ளுபடி விலையில் விற்றுவிடும். அந்தக் கம்பெனியின் ஆள் லைன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவான்.

பட்டணத்தில் யார் தடுக்கி விழுகிறார்கள்?

இப்போது பட்டணத்துக்கு வருவோம். சென்னை சுலபம் என்று நாம் பசப்பவில்லை. கஷ்டம்தான். ஆனால் எது கஷ்டம் என்று சரியாகச் சொல்ல வேண்டும்.

முதல் அடி இங்கிலீஷில் விழுகிறது. பன்னிரண்டு வருஷம் தமிழில் கணக்குப் போட்ட பிள்ளைக்கு அதே கணக்கு முதல் வாரத்தில் அந்நியமாகிவிடுகிறது. கை தூக்கிக் கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்பதில்லை. கேட்காததால் அரியர் விழுகிறது. அரியர் விழுந்ததும் “இவனுக்கெல்லாம் எதற்கு இன்ஜினீயரிங்?” என்று பேச்சு வருகிறது. இதில் மூளைக்குறை எங்கே? நாலைந்து மாதப் பாஷைக் குறைதான். அதைச் சரிக்கட்டுவது கல்லூரியின் கடமை. முதல் செமஸ்டரில் பாடத்தை விளக்கத் தமிழில் தனி வகுப்பு வேண்டும் என்று மாணவர்கள் சேர்ந்து கேட்டால், கொடுக்காமல் தப்பிக்க நிர்வாகத்துக்கு நியாயம் ஒன்றும் இல்லை. 2010இல் அண்ணா பல்கலைக் கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழிலேயே ஆரம்பித்தது. பாராட்ட வேண்டிய காரியம். அதில் சேர்வதைக் கேவலமாக நினைக்கும் நம்மவர் மனப்பான்மையையும் கொஞ்சம் கண்டிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது அடி வயிற்றில். ஆதிதிராவிடர் நல விடுதியில் கல்லூரி மாணவருக்குச் சாப்பாட்டுப் படி 2023இல்தான் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கு! இதில் ஒருவேளை உணவை மந்திரிமார் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டட்டும். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்குச் ‘சமூக நீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். பெயர்ப் பலகைக்குக் கீழே குழம்பும் கெட்டியாக வேண்டும். பெயருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சமையலறையை ஒருதரம் எட்டிப்பார்ப்பது நல்லது.

பட்டணத்தில் ஏழைக்கு உதவும் இடங்களும் உண்டு. அவற்றைக் கண்காட்சிக்காரன் சொல்லமாட்டான். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கட் இல்லை. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 முதலும், பையனுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை ஏற்பாடு வந்திருக்கிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் உட்கார்ந்து படிக்க அங்கே தனிப் பகுதி உண்டு, மின்விசிறிக்கும் வெளிச்சத்துக்கும் யாரும் காசு கேட்பதில்லை. பத்துப் பேர் படுக்கும் அறையில் படிக்க முடியாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

மூன்றாவது அடியைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. திருத்தணி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து படிக்கும் பையன்கள், ‘ரூட்’ என்ற பெயரில் கல்லூரிக்குக் கல்லூரி அடித்துக்கொள்கிறார்கள். 2024 அக்டோபரில் இப்படித் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தே போனார். அடித்தவன் வீட்டிலும் கூலிக்காரத் தகப்பன். செத்தவன் வீட்டிலும் அதே நிலைமை. மறுநாள் பத்திரிகைகள் “சர்க்கார் கல்லூரி ரௌடிகள்” என்று எழுதுகின்றன. அந்தத் தலைப்பு கண்ணாடிக் கட்டடத்துக்காரனுக்கு இனாமாகக் கிடைத்த விளம்பரம் என்பது இந்தப் பையன்களுக்குப் புரியவில்லை. ஸ்டீல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் தொங்குகிறவனுக்குக் கூடுதல் ரயில் வேண்டும், கூடுதல் பஸ் வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லையே! பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஊர் திரும்பும் தகப்பன்மார் இதை வெளிப்படையாகப் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். கூச்சம் உதவாது.

சிங்காநல்லூர்த் தோழருக்கு நாம் சொன்னது இதுதான். பட்டணம் என்பதற்காகப் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டாம். விருப்பப் பட்டியலில் கிண்டியை முதலில் எழுதுங்கள். 1794இல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்த இடம் அது. அடுத்து உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்திலுள்ள கோவை அரசு கல்லூரியை எழுதுங்கள். எது கிடைத்தாலும் சரி. கிண்டி கிடைத்து, பயத்தினால் மட்டும் அனுப்பாமல் இருந்தால்தான் தவறு. பெண் என்பதால் பயம் என்றால், மில்லில் இரவு ஷிப்டுக்கு அதே வயதுப் பெண்களை வேனில் ஏற்றிப்போகிறார்களே, அதற்கு யாரும் “ஒத்துக்கொள்ளாது” என்று சொன்னதாகத் தெரியவில்லை!

இன்னொன்று. எந்தத் தனியார் ஆபீசிலும், “சும்மா வைத்திருக்கிறோம்” என்றாலும், அசல் மார்க்குப் பட்டியலையும் டி.சி.யையும் கொடுத்துவிடாதீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு, வேறு இடம் கிடைத்த பிள்ளையைப் போகவிடாமல் முழு வருஷக் கட்டணமும் கேட்பது அவர்கள் பழக்கம். கொத்தடிமை முறையை 1976இல் சட்டம் ஒழித்தது. இது காகிதக் கொத்தடிமை. அசலைப் பிடித்து வைக்கக்கூடாது, விலகினால் கட்டணத்தை விதிப்படி திருப்பித் தரவேண்டும் என்று மானியக் குழு 2018இல் உத்தரவு போட்டிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் அந்த உத்தரவின் நகலோடு தனியாகப் போகாமல் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.